கொசுக்கடிக்குக் கணக்கு வைப்பது எப்படி?

கொசுக்கடியை அளக்கப் பல காலமாகக் கையாளப்படும் முறை, மனிதரையே கொசுவுக்கு முன்னால் உட்கார வைப்பதுதான். தான்சானியாவின் இஃபகாரா வட்டாரக் கிராமங்களில், பொழுது சாய்ந்ததும் ஒருவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் உட்காருவார். இன்னொருவர் வெளி முற்றத்தில். காலில் கொசு அமர்ந்ததும் டார்ச் அடித்து, அது குத்துவதற்குள் உறிஞ்சுகுழாயால் இழுத்துக் காகிதக் கோப்பைக்குள் ஊதிவிட வேண்டும். மணிக்கு ஒரு கோப்பை. விடியும்வரை இதே வேலை.

பிடிபட்ட கொசுவின் தலையையும் மார்பையும் ஆய்வகத்தில் அரைத்து, மலேரியா ஒட்டுண்ணியின் புரதம் இருக்கிறதா என்று எலைசா சோதனையில் பார்ப்பார்கள். உமிழ்நீர்ச் சுரப்பி இருப்பது மார்பில். ஒட்டுண்ணி அங்கே வந்துசேர ஏறத்தாழ 10 நாள் பிடிக்கும். பெரும்பாலான கொசுக்கள் அதற்குள் செத்துவிடும். ஆகவே வயதான கொசுதான் ஆபத்து. ஓர் இரவில் 20 கடி, நூற்றில் 2 கொசுவில் ஒட்டுண்ணி என்று வைத்துக்கொண்டால், 20 × 0.02 = 0.4. இரண்டரை இரவுக்கு ஒரு நோய்க்கடி, ஆண்டுக்கு 146.

கணக்கு சரி. ஆனால் கொசு பிடிப்பவர் வலையின்றி விழித்திருக்கிறார். ஊரார் நள்ளிரவில் வலைக்குள் தூங்குகிறார்கள். அதனால் எந்த மணியில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொண்டு, அந்தந்த மணியின் கொசு எண்ணிக்கையோடு பொருத்திப் பார்க்கிறார்கள். வலை பரவிய ஊர்களில், முன்னிரவில் அடுப்படியிலும் வாசலிலும் வாங்கும் கடியே கவலையாக நிற்கிறது.

டெங்குவுக்கு இந்த முறை சிக்கல். மலேரியா என்றால் தடுப்பு மாத்திரை கொடுத்து ஆளை உட்கார வைக்கலாம். டெங்குவுக்கு அப்படி மாத்திரை கிடையாது. ஏடிஸ் கொசுவோ பகலில் கடிக்கும், வயிறு நிறைவதற்குள் பலரைக் கடிக்கும். நம் ஊரில் பணியாளர்கள் வீடுவீடாக வந்து தொட்டியிலும் பழைய டயரிலும் கொசுப்புழு தேடுவது அவசியமான வேலை. ஆனால் அது காட்டுவது கொசு எங்கே பிறக்கிறது என்பதை. யாரைக் கடித்தது என்பதை அல்ல.

கடிபட்டவரின் ரத்தத்தைக் கேட்டால் ஓரளவு தெரியும். கொசு குத்தும்போது தோலுக்குள் இறக்கும் உமிழ்நீருக்கு எதிராக உடல் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம், அதை உலர்த்த ஒரு வடிதாள், அவ்வளவுதான். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுவின் உமிழ்நீர்ப் புரதத்தில் ஒரு துண்டை வைத்து செனகல் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். அங்கோலாவில் மருந்து தோய்த்த வலை கொடுத்தபின் எதிர்ப்பொருள் அளவு இறங்கியது. வலை வேலை செய்கிறதா என்று பார்க்க நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏடிஸுக்கும் இதே வகைச் சோதனை உண்டு. ஆனால் எதிர்ப்பொருளை வைத்து ஒருவர் இத்தனை கடி வாங்கினார் என்று எண்ணிச் சொல்ல முடியாது. கடித்த கொசுவிடம் கிருமி இருந்ததா என்பதும் அதில் தெரியாது. அதற்கு இன்றும் கொசுவைத்தான் பிடித்தாக வேண்டும்.