மழைத்துளி என்ற பணிஸ்

"தூறேக்க ரிவி நல்லாத்தான் வேலை செய்யுது, அடிச்சுப் பெய்யேக்க மட்டும் ஏன் நிக்குது?" என்று மாங்குளத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருந்தார். ஐப்பசி பிறந்தால் வன்னியில் பல வீடுகளில் எழும் கேள்வி இது. மின்னல்தான் சிக்னலை இழுக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். மின்னலை விடுங்கள், காரணம் துளிதான்.

செய்மதியிலிருந்து வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலை ஏறத்தாழ 12 கிகாஹேர்ட்ஸ். அதாவது அதன் மின்புலம் வினாடிக்கு 1200 கோடி தடவை திசை மாறி மாறி ஆடுகிறது. நீர் மூலக்கூறுக்கு ஒரு முனை நேர், மறுமுனை எதிர் என்பது தெரிந்ததே. புலத்தோடு சேர்ந்து திரும்பப் பார்த்து அது பின்தங்கிவிடும். அந்த இழுபறியில் அலையின் ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகிறது. இன்னொரு பங்கைத் துளி நாலாபுறமும் சிதறடிக்கிறது.

கேள்விக்கான விடையில் ஒரு பங்கு இந்தச் சிதறலில் இருக்கிறது. அலைநீளத்தைவிடத் துளி மிகச் சிறிதாக இருக்கும்வரை, துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் சிதறல் 64 மடங்காகும். தூறலில் இருப்பவை பொடித்துளிகள். கொட்டும் மழையிலோ 4, 5 மில்லிமீற்றர் துளிகளும் வரும். அலைநீளம் கூடினால் நிலைமை தலைகீழ். பழைய பெரிய டிஷ்கள் பிடித்த 4 கிகாஹேர்ட்ஸ் அலை மூன்று மடங்கு நீளமானது, அதனால் சிதறல் 81-இல் ஒரு பங்குதான். அந்த டிஷ்கள் மழைக்கு அசையாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு மிகவும் பிடித்தது துளியின் வடிவம். படங்களில் வரைவதுபோல் அதற்கு வால் கிடையாது. சின்னத் துளி உருண்டை. பெரிய துளியைக் காற்று கீழிருந்து தள்ளுவதால் அடி தட்டையாகி, மேல் குவிந்து, அச்சொட்டாக ஒரு பேக்கரிப் பணிஸ்! அகலம் கூட, உயரம் குறைவு. ஆகவே கிடையாக ஆடும் அலை அதே மழையில் நிலைக்குத்தாக ஆடும் அலையைவிடக் கூடுதலாக இழக்கிறது. கண்ணால் பிடிக்க முடியாத ஒரு வடிவத்தை ஒரு ரேடியோ அலை உணர்ந்து சொல்கிறது!

கைத்தொலைபேசிக் கோபுரங்களுக்கு இடையிலான நுண்ணலை இணைப்புகளும் இப்படியே நலிகின்றன. அந்த நலிவை அளந்து பெய்யும் மழையின் அளவைக் கணிக்கலாம் என்று 2006-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறந்ததை நாம் மறக்கவில்லை. குளத்துக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆற்றுப் படுகையில் ஒவ்வொரு கோபுர இணைப்பும் மழைமானியாக வேலை செய்யலாம். ஆராய்ச்சிப் பணம் முதலில் இதற்குத்தான் போக வேண்டும் என்பேன்.