கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் என்கிறவர்களுக்கு

இந்த முறையும் சிறுபோகக் கூட்டத்தில் அதே கேள்விதான். குளத்தில் எவ்வளவு நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வயற்கண்டத்துக்கு எப்போது தண்ணீர் என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, மகாவலி ஆற்றில் குறைந்தபட்சம் இவ்வளவு ஓடவேண்டும் என்று எழுந்து சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "கடலுக்குப் போற தண்ணி வீண்தானே சேர்? எங்கட வயலைக் காயவிட்டு அதை ஏன் அங்க விடோணும்?" மண்டபத்தில் கைதட்டல். கமக்காரர் அப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு, அவருக்கு வயல்தான் கண்ணுக்குத் தெரிகிறது. மேடையில் இருந்தவர்களும் தலையாட்டினார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நீரியல் வேலையில் இருக்கிற எங்கள் ஆட்களே தலையாட்டினால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்ததாக யாராவது பொலன்னறுவையை ஆண்ட பராக்கிரமபாகு மன்னனைச் சாட்சிக்கு அழைப்பார். மனிதருக்குப் பயன்படாமல் ஒரு துளி மழைநீரும் கடலைச் சேரக்கூடாது என்று அவர் சொன்னதாகப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். சரி, ஆற்றுவாயில், மூதூரில் வலை வீசுகிறவர் மனிதரில்லையா? கிண்ணியாவில் றால் விற்றுப் பிள்ளையைப் படிப்பிக்கிறவர்? அந்த மன்னர் காலத்தில் மகாவலியின் முழு வெள்ளத்தையும் மறித்து வைக்க யாராலும் முடிந்ததில்லை. இன்று அதில் கணிசமான பகுதியை மறிக்க முடிகிறது. ஆகவே அவருடைய வசனத்தை நம்முடைய அணைகளுக்குக் கீழே ஒட்டாதீர்கள்.

நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கின் மழை மகாவலியில்தான் வடிகிறது. 335 கிலோமீற்றர் ஓடி வந்து நம் திருகோணமலை மாவட்டத்தில் ஒரு கிளை கொட்டியாரக் குடாவில் விழுகிறது, இன்னொன்று வெருகல் ஆறாகப் போகிறது. 1976இல் பொல்கொல்லை, 1980களில் விக்டோரியாவும் ரந்தெனிகலையும், அண்மையில் மொரகஹகந்தை என்று மேலே ஒவ்வொன்றாக எழும்பின. பொல்கொல்லையில் திருப்பும் நீரில் ஒரு பகுதி வேறு ஆற்றுப் படுகைகளுக்கே போய்விடுகிறது. இதில் நமக்கும் ஆதாயம் உண்டு. கந்தளாய்க் குளத்துக்கு வரும் மகாவலி நீரும் மேலே திருப்பப்பட்டு வருவதுதான். நகரத்துக் குழாயைத் திறந்தால் கொட்டுவது கந்தளாய்த் தண்ணீர். அணையைத் திட்டிவிட்டு அந்தத் தண்ணீரிலேயே தேநீர் குடிக்க நான் வரவில்லை. அணையிலிருந்து ஆற்றுக்கு என்ன விடுகிறோம், எப்போது விடுகிறோம் என்பதுதான் என் கேள்வி.

முகத்துவாரத்தில் அந்தத் தண்ணீர் என்ன செய்கிறது என்பதை ஒருமுறையாவது உரக்கச் சொல்லியாகவேண்டும். கடல் றால் கடலில் முட்டையிடும், குஞ்சு வளர்வது களப்பிலும் ஆற்றுவாயிலும் உள்ள கலப்பு நீரில். பெரிய ஆற்று றால் இதற்கு நேர்மாறு. அது ஆற்றில் வாழும், ஆனால் அதன் குஞ்சுக்கு உவர் கலந்த நீர் வேண்டும், அதனால் தாய் கீழே இறங்கி வரும். விலாங்கு ஆற்றில் பெருத்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். இந்த மூன்றுக்கும் ஆறும் கடலும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கவேண்டும். ஓட்டம் நின்றால் அலை கொண்டுவரும் மணல் வாயை அடைக்கும், அடைத்தால் வழி இல்லை. கண்டல் காட்டுக்கு மேலிருந்து வரவேண்டிய வண்டலும் நின்றுபோகும். பிறகு "இப்ப கடல்ல றால் இல்லை" என்று கடலைக் குறை சொல்வோம்.

சரி, றாலும் விலாங்கும் உங்களுக்கு வேண்டாம், வயல்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கச்சான் காற்று வீசும் ஆடி ஆவணியில் ஆறு மெலிந்துவிடும். அப்போது கடல்நீர் ஆற்றுக்குள் ஏறுகிறது. மேலால் இல்லை, அடியால். உப்புநீர் கனமானது. நம் கரையில் வற்றுப்பெருக்கும் ஒரு மீற்றருக்குக் குறைவு, அதனால் இரண்டு நீரும் பெரிதாகக் கலக்காமல் நல்லதண்ணீர் மேலேயும் சவர்த்தண்ணீர் கீழேயுமாகத் தட்டுத்தட்டாகக் கிடக்கும். கமக்காரர் கையால் அள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கிறார், நல்லதண்ணீர். திருப்தியோடு பம்பைப் போடுகிறார். பம்பின் உறிஞ்சுகுழாயோ அடிமட்டத்தில் கிடக்கிறது. நாற்றும் பூக்கும் பயிரும்தான் உப்புக்கு மிகவும் பயந்தவை. நுனி கருகியதும் நோய் என்று மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். அங்கே மருந்தும் கொடுக்கிறார்கள்! இதை நான் பார்த்துச் சலித்துவிட்டேன். கடலை வாசலிலேயே தள்ளிப்பிடித்து வைத்திருந்தது நீங்கள் வீண் என்று சொன்ன அந்த ஓட்டம்தான்.

மேலே துருசை, அதாவது மதகுக் கதவைப் பூட்டினால் கீழே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2006இல் மாவிலாற்றுத் துருசு பூட்டப்பட்டதும் அதைத் தொடர்ந்து போர் மூண்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மனிதருக்கு நேர்ந்தால் புரிகிறது. ஆற்றுக்கு நேர்ந்தால் மட்டும் கைதட்டுகிறோம்.

இனி எங்கள் துறைக்குள்ளேயே உள்ள ஒரு சோம்பேறித்தனம். "பத்துச் சதவீதம் விட்டால் போதும்" என்று அறிக்கைக்கு அறிக்கை எழுதுகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது? டெனன்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1976இல் வெளியிட்ட முறையிலிருந்து. மொன்டானா போன்ற மாநிலங்களின் ஓடைகளை வைத்துச் சொன்னது. அவருமே ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் பத்துச் சதவீதம் என்பது மீன் கொஞ்ச நாளைக்கு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் அளவு என்றுதான் வைத்தார். முப்பதும் அதற்கு மேலும்தான் அவர் கணக்கில் நல்ல நிலை. நாங்கள் என்ன செய்கிறோம்? உயிர் ஊசலாடும் அளவை எடுத்து ஆண்டு முழுவதும் அதையே விடுகிறோம். மார்கழி வெள்ளத்தில் மகாவலி கரை மீறினால்தான் சோமாவதியை அண்டிய வில்லுகள் எனும் வெள்ளச்சமவெளிக் குளங்கள் நிரம்பும், புல் முளைக்கும், யானையும் மாடும் மேயும். குறைந்தபட்ச ஓட்டம் என்றால் மாதத்துக்கு மாதம் வேறு அளவு. அதில் வெள்ளத்துக்கும் இடம் உண்டு.

ஆற்றை விட ஊற்றின் பாடு மோசம். ஆறு வற்றுவது கண்ணுக்குத் தெரியும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணற்றுக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஆழக் குழாய்க் கிணறு அடித்து நாள் முழுக்க இழுத்தால் முதலில் நிலத்தடி அழுத்தம் குறையும், மேற்பரப்புக் குளிர்நீர் கலக்கத் தொடங்கும். கடைசியில்தான் மட்டம் இறங்கும். மட்டம் இறங்குவது வரை பார்த்திருந்தால் காலம் கடந்துவிடும். புளோரிடாவில் கிசெங்கன் என்றொரு பெரிய ஊற்று இருந்தது. ஊரே போய்க் குளித்த இடம். நிலத்தடி நீரை அளவின்றி இழுத்ததில் 1950இல் நின்றுபோனது. பிறகு 1972இல் அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. இதற்கு மேல் எடுத்தால் நீர்வளத்துக்கோ சூழலுக்கோ பெருங்கேடு என்ற எல்லையை ஆறுகளுக்கும் ஊற்றுகளுக்கும் வகுக்கவேண்டும் என்பது அந்தச் சட்டம். அதன் தென்மேற்குப் பகுதியில் வாழிடம் 15 சதவீதத்துக்கு மேல் சுருங்கக்கூடாது என்று கணக்கு வைத்து, அதிலிருந்து பின்னோக்கி எவ்வளவு எடுக்கலாம் என்று பார்க்கிறார்கள். அங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை, ஆனால் சண்டை ஓர் எண்ணைப் பற்றியது. இங்கே எண்ணே இல்லை. நாங்கள் இறந்தவருக்கான அந்தியேட்டிக்குப் போய்த் தோய்ந்துவிட்டு வருகிற கிணறுகளுக்கு ஒரு மட்ட அளவுகோலாவது வேண்டாமா?

ஆற்றோரம் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு: உறிஞ்சுகுழாயின் வாயை ஒரு மிதவையில் கட்டி மேல்மட்டத்தில் வையுங்கள். அடித்தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்து விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்து மின்கடத்துதிறனை (உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். மீற்றருக்கு 0.7 டெசிசீமன்ஸ் வரை கவலையில்லை. 3ஐத் தாண்டினால் பம்பை நிறுத்துங்கள், பக்கத்து வயல்காரர் இறைக்கிறாரே என்று பார்க்காதீர்கள். மணல் அள்ளுகிறவர்களே, அனுமதிப்பத்திரம் இருந்தாலும் சரி, ஆற்றுப்படுக்கையைக் கடல்மட்டத்துக்குக் கீழே தோண்டினால் உப்புக்கு நீங்களே பாதை வெட்டிக் கொடுக்கிறீர்கள். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் விடுதி நடத்துகிறவர்கள் ஒரே கிணற்றில் பெரிய மோட்டரைப் போட்டு இழுக்காமல் சிறிது சிறிதாகப் பல இடத்தில் எடுங்கள். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்லதண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நிற்கும் என்பது மணற்கரையின் பழைய கணக்கு. மேலே ஓரடியை இழந்தால் கீழே எவ்வளவு போகும் என்று பாருங்கள். பக்கத்து வெங்காயத் தோட்டக்காரரும் அதே நீரைத்தான் நம்பியிருக்கிறார்.

கமக்கார அமைப்புத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த போகக் கூட்டத்தில் வயலுக்கு இவ்வளவு, குடிநீருக்கு இவ்வளவு என்று எழுதுவதற்கு முன்னால், ஆற்றுக்கு எவ்வளவு என்று முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள். மிஞ்சினால் விடுவோம் என்ற பதிலை ஏற்காதீர்கள், எந்தப் போகத்திலும் எதுவும் மிஞ்சாது. எந்தப் பாலத்தில் அளப்பார்கள், யார் வாசிப்பார், அளவு குறைந்தால் எந்தத் துருசை யார் திறப்பார் என்று கேட்டு, கூட்டக் குறிப்பில் ஏற்றிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.