சிலையைத் துலக்குவதற்கு முன்

பொது இடங்களில் உள்ள சிலைகளையும் நினைவுச் சின்னங்களையும் பழுதுபார்ப்பது என் வேலை. என்னிடம் வருவதில் மழையும் வெயிலும் கெடுத்தவை குறைவு. யாரோ அக்கறையோடு சுத்தம் செய்து கெடுத்தவைதான் அதிகம்.

ஒரு போர் நினைவுப் பலகை, சலவைக்கல். விழாவுக்கு முந்தின நாள் ஆசிட் ஊற்றித் தேய்த்து, எழுத்துகளுக்குத் தங்க பெயின்ட் அடித்திருந்தார்கள். சலவைக்கல்லில் ஆசிட் பட்டால் அழுக்கு மட்டும் போவதில்லை, கல்லே நுரைத்துக் கரையும். நான் பெயின்டை உரித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். தேடவே இல்லை, மூன்றாவது வரியில் நேராக விரலை வைத்தார். அண்ணன் பெயராம். "எழுத்து பழையபடி வந்துடுமா தம்பி?" என்று கேட்டார். கடைசி எழுத்து வரவில்லை.

வாஷிங்டனில் 1982இல் திறந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரை வடிவமைத்த மாயா லின், போட்டியில் வென்றபோது 21 வயது மாணவி. கறுப்பு கிரானைட்டில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள், பதவி வரிசையில் அல்ல, பலியான வரிசையில். வருகிறவர்கள் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரைப் படியெடுத்துப் போகிறார்கள். பளபளப்பான கல் என்பதால், பெயரைப் படிப்பவர் முகமும் அதில் தெரியும்.

எல்லாச் சின்னமும் இப்படி மரியாதை வாங்குவதில்லை, வாங்கவும் வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அடிமை வணிகர் கோல்ஸ்டனின் சிலை 1895 முதல் நின்றது. 2020 ஜூனில் மக்கள் அதைச் சாய்த்துத் துறைமுகத்து நீரில் தள்ளினார்கள். மீட்ட பிறகு சேற்றைக் கழுவிய வல்லுநர்கள், போராட்டக்காரர்கள் பூசிய பெயின்டை மட்டும் விட்டுவைத்தார்கள். வழக்கமாகப் பெயின்டைச் சுரண்டுகிற கைகள் அங்கே அது உதிராமல் பார்த்துக்கொண்டன. எனக்கு அது சரியாகவே படுகிறது. அந்தப் பெயின்டும் இப்போது சிலையின் கதைதானே.

சரி, களிம்புக்கு வருவோம். செம்பு, வெண்கலச் சிலைகளில் இறுகிப் பிடித்திருக்கும் அந்தப் பச்சைப் படலம் அழுக்கல்ல, உலோகத்துக்குப் போர்வை. சுதந்திரதேவி சிலையின் செம்புத் தகடு சுமார் 2.4 மில்லிமீட்டர்தான். பச்சையாகிவிட்டதே என்று 1906இல் அதற்குப் பெயின்ட் அடிக்கலாம் என்ற பேச்சு எழுந்து, மக்கள் எதிர்ப்பில் நின்றது. ஆனால் வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்தால் அது வேறு: குளோரைடு என்ற உப்பு உள்ளே அரிக்கிறது. உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

மற்றபடி மென்மையான பிரஷ், தண்ணீர். வெண்கலம் என்றால், தெரிந்தவர் கையால் ஆண்டுக்கு ஒருமுறை மெழுகு. அப்புறம், கை வைப்பதற்கு முன் நாலு பக்கமும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். எழுத்துகளை மட்டும் கிட்டத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில்.