நாயின் நுரையீரலில் தூசு என்ன செய்கிறது?

பெரிய தூசால் நாய்க்கு அவ்வளவு ஆபத்தில்லை. மூக்கினுள் சுருண்டிருக்கும் மெல்லெலும்புகளின் ஈரப் பரப்பில் அது ஒட்டிக்கொள்ளும். மூச்சுக்குழாய்க்குப் போவதை நுண்மயிர்கள் சளியோடு மேலே தள்ளிவிடும். சிக்கலெல்லாம் 5 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) குறைவான துகளில்தான். அது நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள சின்னஞ்சிறு காற்றுப் பைகளான காற்று நுண்ணறை வரை இறங்குகிறது. அங்கே நுண்மயிர் கிடையாது, துகள்களை விழுங்கும் உயிரணுக்களான விழுங்கணுக்கள்தான் காவல்.

கரித்தூள் என்றால் விழுங்கணு அதைச் சுமந்தபடி சும்மா கிடக்கும். நகரத்து நாய்களின் பிரேதப் பரிசோதனையில் நுரையீரல் கறுத்திருப்பது சகஜம். பெரும்பாலும் அது சாவுக்குக் காரணமல்ல. கல் அறுக்கும்போதும் கான்கிரீட் உடைக்கும்போதும் பறக்கும் படிகச் சிலிகா அப்படியில்லை. தன்னை விழுங்கிய அணுவின் செரிமானப் பையையே கிழித்துவிடும். அணு சாகும், அழற்சியைத் தூண்டும் பொருள்கள் கசியும், கரையாத துகளை அடுத்த அணு விழுங்கும். அதனால் நாயை வேறிடத்துக்கு மாற்றிய பிறகும் நுரையீரலில் தழும்பு வளரலாம்.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழையோ விழுங்கணுவைவிட நீளம். முழுதாக விழுங்க முடியாது. 1983இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நாய்களுக்கு நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா புற்றுநோயை உரிமையாளரின் கல்நார் சார்ந்த வேலை, பொழுதுபோக்குகளோடு தொடர்புபடுத்தியது. இந்த நோய் வெளிப்பட மனிதரில் 20 ஆண்டுக்கு மேலாகும். நாய்க்கு அதன் குட்டை ஆயுளுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

எல்லாத் தூசும் நோயில் முடிவதில்லை. 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாடுகளில் நாய்கள் முகக்கவசமின்றித் தேடின. செப்டம்பர் 11 பணிகளில் ஈடுபட்ட 95 நாய்களை, அவை சாகும்வரை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் கண்காணித்தனர். பலவற்றின் நுரையீரலில் துகள்கள் இருந்தன. ஆயுளோ அங்கு போகாத தேடுதல் நாய்களுடையதைப் போலவே இருந்தது. சில நாள் தூசும் பல வருடத் தூசும் ஒன்றல்ல என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

வறட்டு இருமல், நடையில் சீக்கிரம் களைப்பு ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். நாய் அசந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். தொடர்ந்து 30க்கு மேல் போனால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். எக்ஸ்ரே மட்டும் போதாது; இதயநோயும் இதயப்புழுவும் பூஞ்சைத் தொற்றும் அதே போன்ற நிழலைக் காட்டக்கூடும். மூச்சுக்குழாயில் உப்புநீர் விட்டு உறிஞ்சிச் சோதித்தால் துகள் சுமந்த அணுக்கள் தெரியலாம். விழுந்த தழும்பு மறையாது. ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் இருமலைத் தணிக்கும், அவ்வளவுதான்.

தூசு பறக்கும் இடத்தில் முதலில் தண்ணீர் தெளியுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். நாயின் ரோமத்தை உலர்ந்த சீப்பால் வாரினால் படிந்த தூசு மறுபடி மூக்குக்கே போகும்; ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் குளிப்பாட்டுங்கள். வேலைக்குப் போட்ட உடுப்பை வாசலிலேயே கழற்றிய பிறகு நாயைக் கொஞ்சலாம்.