தவழாத குழந்தை முதலில் இறங்கக் கற்கட்டும்

"பதினான்கு மாதம் ஆகிறது. தவழவே இல்லை. உட்கார்ந்தான், பிடித்துக்கொண்டு நின்றான், ஒருநாள் நடந்துவிட்டான். ஆனால் சோபாவில் ஏறத் தெரியாமல் நின்று அழுகிறான். தவழாததால் மூளை வளர்ச்சி குறையுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

குறையாது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதில் 4.3 சதவீதக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. தனியாக நடக்கத் தொடங்குவதற்கு அந்த ஆய்வு தரும் கால எல்லை 8.2 முதல் 17.6 மாதம் வரை. உங்கள் மகன் அதற்குள் நடந்துவிட்டான்.

"தவழாத பிள்ளைக்குப் படிப்பு வராது" என்ற பேச்சின் வேர் 1960களில் பிலடெல்பியாவில் டோமன் என்ற இயன்முறை மருத்துவரும் டெலகாடோ என்ற கல்வி உளவியலாளரும் பரப்பிய, தவழ்வது போன்ற படிகளைக் கடந்தால்தான் மூளை சரியாக வளரும் என்ற கொள்கையில் இருக்கிறது. அந்தக் கொள்கையை வைத்துச் செய்யும் பயிற்சிக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1982இலும் 1999இலும் அறிவித்தது. நன்றாக நடக்கிற பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டுத் தவழவைக்க யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தவழாத குழந்தைக்கு இரண்டு பழக்கங்கள் மட்டும் குறைவாக இருக்கலாம். ஒன்று, உள்ளங்கையை விரித்து ஊன்றி உடல் பாரத்தைத் தோள்வரை தாங்குவது. பிள்ளைத்தமிழில் வரும் செங்கீரைப் பருவம் இதைத்தான் படம்பிடிக்கிறது: ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலையைத் தூக்கி ஆடும் குழந்தை. இன்னொன்று, பின்னோக்கி நகர்வது. முதலாவது ஏறுவதற்கு வேண்டும், இரண்டாவது இறங்குவதற்கு.

படியைக் குழந்தையின் அளவில் பாருங்கள். ஒரு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 75 செ.மீ. வீட்டுப் படி 17 செ.மீ. இருந்தால், ஐந்தரை அடி ஆளுக்கு அது ஏறக்குறைய ஒன்றேகால் அடிப் படி. நமக்கே கை ஊன்றத் தோன்றும். குழந்தை இரு கைகளையும் மேல்படியில் ஊன்றி, இடுப்பை ஒருபக்கம் சாய்த்து, பாரம் இல்லாத காலின் முழங்காலை மடக்கி மேலே வைக்கிறது. பிறகு அந்த முழங்காலை அழுத்தி, கையால் தள்ளி மேலே வருகிறது. முழங்காலைத் தூக்கும் நொடியில் மூன்றே ஊன்றுகோல்கள்: இரண்டு கை, ஒரு கால். கை தாங்காத குழந்தை இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. நெஞ்சைப் படியில் போட்டு, கால்களை உதைத்து அழும்.

இறங்குவது இதைவிட அழகான வித்தை. குழந்தையின் தலை உடலோடு ஒப்பிட்டால் பெரியது, அதனால் உடலின் எடைமையம் நெஞ்சுப் பக்கம் மேலே இருக்கிறது. தலை முன்னே போக இறங்கினால் பாரமும் முன்னே விழும். கைகள் மடங்கினால் நெற்றிதான் அடிபடும். குப்புறப் படுத்துக் காலை முதலில் விட்டால், தலையும் நெஞ்சும் மேலே பத்திரமாகக் கிடக்கும், கால் விரல் தரையைத் துழாவும். ஆனால் இதற்குக் குழந்தை தான் போக விரும்பும் இடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். பார்க்க முடியாத தரை அங்கே இருக்கிறது என்று நம்ப வேண்டும். ஒரு வயது மனத்துக்கு இது பெரிய பாய்ச்சல். படி ஏறக் கற்ற குழந்தைகள் இறங்கக் கற்க மேலும் சில வாரங்கள் எடுப்பது இதனால்தான்.

நியூயார்க் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர் காரன் அடால்ஃப் சாய்வுப் பலகைகளை வைத்துச் செய்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. தவழ்ந்த அனுபவத்தால் செங்குத்தான சரிவைத் தவிர்த்த குழந்தைகள், நடக்கத் தொடங்கியதும் அதே சரிவில் தயங்காமல் கால் வைத்தார்கள். ஒவ்வொரு நிலைக்கும் மூளை புதிதாகக் கணக்குப் போடுகிறது. ஆகவே தவழ்ந்த பிள்ளையும் நடையின் ஆபத்துகளைப் புதிதாகத்தான் படிக்கிறது. பலகை, மெத்தை, கேமரா, பொறுமை, இவ்வளவுதான் இந்த ஆய்வின் அடிப்படைத் தேவை. பிள்ளையை இடுப்பிலேயே சுமக்கும் நம் வீடுகளில் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு அரசு தாராளமாக நிதி தர வேண்டும்.

இப்போது பயிற்சி. தரையில் 8 முதல் 10 செ.மீ. தடிமனுள்ள ஒற்றை மெத்தையைப் போடுங்கள். அதன்மேல் விளையாட விட்டு, விளிம்புக்கு வந்ததும் இடுப்பைப் பிடித்துத் திருப்பி, "காலு முதல்ல" என்று ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லைச் சொல்லி, ஒரு பாதத்தைத் தரையில் தொடவையுங்கள். ஐந்து நிமிடம் போதும், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. தானே திரும்பத் தொடங்கிய பிறகு ஏற்றம். மெத்தையின் மேல் பிடித்த பொம்மையைக் கை எட்டும் தூரத்துக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள். முழங்கால் ஏறாவிட்டால் தூக்காதீர்கள். பாதத்துக்கு அடியில் உங்கள் உள்ளங்கையை வைத்துத் தாங்குங்கள், குழந்தை உதைத்து ஏறும். அடுத்து இரண்டு மெத்தை, பிறகு திண்ணைப் படி. குழந்தையின் முழங்கால் உயரத்தைத் தாண்ட வேண்டாம்.

வெறுங்கால்தான் சரி. சாக்ஸ் டைல்ஸ் தரையில் வழுக்கும், நீளப் பாவாடை முழங்காலுக்கு அடியில் சிக்கும். இரு கைகளையும் மேலே பிடித்துப் படியேற்றினால் கை எதையும் கற்காது. ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது, முழங்கை எலும்பு நழுவிவிடும். தானாக ஏற முடியாத இடத்தில் குழந்தையை ஏற்றிவைக்காதீர்கள். அங்கிருந்து இறங்க அதற்குத் தெரியாது. பிளாஸ்டிக் நாற்காலி பிடித்து இழுத்தாலே சாயும். அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்குங்கள், ஜன்னல் அருகே சோபா வேண்டாம்.

எப்போதும் ஒரு கையையே பயன்படுத்துவது, ஒரு காலை இழுப்பது, 18 மாதமாகியும் நடக்காதது, தெரிந்த வேலையை மறப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாடிப்படி உள்ள வீட்டில் கீழ்த் தடுப்பை முதல் படியில் வைக்காமல் மூன்றாம் படியில் வையுங்கள், பழகுவதற்கு இரண்டு படி கிடைக்கும். மேல் தடுப்பை மட்டும் சுவரில் திருகாணி போட்டே மாட்டுங்கள். அழுத்தி நிறுத்தும் வகை, குழந்தை சாய்ந்தால் பெயர்ந்துவிடும்.