ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒட்டுப்போடும் சாலை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில நெடுஞ்சாலை 61-ன் கதையை முதன்முதலில் படித்தபோது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கையாண்ட ஒரு சாலை விரிசல்தான் நினைவுக்கு வந்தது. வில்போல வளைந்து, விரல் நுழையும் அகலத்தில் இருந்தது. தார் ஊற்றி அடைத்தோம். மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில், அதே வளைவில் மறுபடி வாய் திறந்தது. மறுபடி அடைத்தோம். மூன்றாம் முறை மேலதிகாரி லெவல் எடுக்க, அதாவது தளத்தின் உயரத்தை இடத்துக்கு இடம் அளக்கச் சொன்னார். வளைவுக்கு உள்ளே இருந்த தளம் மொத்தமாக நாலு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. தோண்டிப் பார்த்தால், உடைந்த வடிகால் குழாய் வழியே மண் கரைந்துபோய், ஒரு ஆள் குந்தி உட்காரும் அளவுக்கு வெற்றிடம். அதன் மேல்தான் அத்தனை நாளும் பஸ் போய்க்கொண்டிருந்தது.

61-ல் நடந்ததும் இதுதான். ஆனால் அங்கே கீழே இருந்தது தண்ணீர் இல்லை, நெருப்பு.

1770-ல் ரீடிங் என்ற ஊரிலிருந்து இன்றைய சன்பரி வரை போட்ட பாதையின் பெரும்பகுதி பிற்பாடு 61 ஆனது. ஆந்த்ரசைட் என்ற கடினமான நிலக்கரி கிடைக்கும் மலைப்பகுதியின் ஊடாக, பாட்ஸ்வில், ஆஷ்லண்ட், சென்ட்ரேலியா, ஷமோகின் என்று வடக்கே போகிற சாலை. இதில் சென்ட்ரேலியா என்ற சிற்றூருக்கு அடியில் முழுக்கச் சுரங்கங்கள். 1962 மே மாதம், பழைய சுரங்கக் குழி ஒன்றில் கொட்டியிருந்த குப்பைக்கு வைத்த தீ நிலக்கரி அடுக்குக்குப் பரவியது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்தத் தீ இன்னும் அணையவில்லை.

தீ எப்படிச் சாலையை விழுங்கும்? சுரங்கம் வெட்டும்போது கூரையைத் தாங்க நிலக்கரியையே தூண்களாக விட்டுவைப்பார்கள். தூண் எரிந்தால் கூரை இறங்கும். கூரை இறங்கினால் அதன் மேலுள்ள பாறை, மண், ஜல்லி, தார் எல்லாம் வரிசையாக இறங்கும். மேலே நமக்குத் தெரிவது ஒரு விரிசல் மட்டும்தான். மழை நீர் சூடான பாறையில் பட்டு அந்த விரிசல் வழியே ஆவியாக வரும். கூடவே நிறமும் வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் வரும்.

அறிகுறிகளுக்குக் குறைவே இல்லை. 1979-ல் ஊரின் பெட்ரோல் பங்க் உரிமையாளர் தரையடித் தொட்டியின் வெப்பத்தை அளந்தபோது பெட்ரோல் சுமார் 78 டிகிரி செல்சியஸில் இருந்தது. 1981-ல் 12 வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டுக்குப் பின்னால் நின்ற இடத்திலேயே தரை உள்வாங்கியது. மரவேரைப் பிடித்துத் தொங்கியவனை உறவுக்காரப் பையன் இழுத்துக் காப்பாற்றினான். சாலையையோ பலமுறை சரிசெய்தார்கள். ஒவ்வொரு முறையும் அது மறுபடி வெடித்தது. கடைசியில் 1993-ல் 61-ன் அந்தத் துண்டை மட்டும் மூடிவிட்டுப் போக்குவரத்தை மாற்றுப்பாதையில் திருப்பினார்கள். 1980-ல் ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊரில் 2020-ல் ஐந்து பேர்தான் இருந்தார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது மூடியதற்கு அப்புறம் நடந்ததுதான். குறுக்கே மண்மேடு போட்டார்கள், ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள தார்த்தளம் அப்படியே கிடந்தது. ஜனங்கள் வந்தார்கள். வண்ண ஸ்ப்ரே அடித்தார்கள், விரிசலுக்குள் காலை விட்டுப் படம் எடுத்தார்கள், பைக் ஓட்டினார்கள். 2020 ஏப்ரலில்தான், நிலத்துக்குச் சொந்தமான நிறுவனம் நூற்றுக்கணக்கான லாரிகளில் மண் கொண்டுவந்து கைவிட்ட அந்தத் துண்டு முழுவதையும் மூடியது. கிட்டத்தட்ட 27 வருஷம் அந்த இடம் திறந்தே இருந்தது. ஒரு சாலையைக் கைவிட்டால் தளத்தைப் பெயர்த்துவிட வேண்டும் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வது இதனால்தான். தார்த்தளம் கண்ணில் பட்டால் மனுஷன் அதை நம்பி நடப்பான்.

சாலையில் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லா விரிசலும் ஒன்றல்ல. முதலைத்தோல்போலச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்திருந்தால், பெரும்பாலும் பாரம் தாங்காமல் தளம் தளர்ந்திருக்கிறது. அது சரிசெய்ய வேண்டியதுதான், ஆனால் பதற வேண்டியதில்லை. வில்போலவோ வட்டமாகவோ வளைந்து, ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் கதை வேறு. ஒட்டுப்போட்ட இடத்திலேயே மறுபடி பள்ளம் விழுந்தாலும், மழையே இல்லாமல் ஓரிடம் மட்டும் ஈரமாக இருந்தாலும், அங்கிருந்து ஆவியோ துர்நாற்றமோ வந்தாலும் அப்படித்தான். கிட்டே போய்க் குனிந்து பார்க்காதீர்கள், குச்சி விட்டு ஆழம் பார்க்காதீர்கள். வெற்றிடத்தின் விளிம்பு, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தைவிட வெளியே தள்ளித்தான் இருக்கும்.

தள்ளி நின்று, பின்னால் ஒரு கம்பமோ கடையோ தெரியும்படி படம் எடுங்கள். தேதியோடு சாலைத் துறைக்கு அனுப்புங்கள். அடைத்துவிட்டுப் போனார்கள் என்றால், சரி, ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், லெவல் எடுக்க ஆள் அனுப்ப வேண்டுமா என்பது எந்தப் பொறியாளருக்கும் தெரிந்துவிடும்.