கோடெக்: சுருக்கியும் விரிப்பியும்

கேம் கன்சோலில் பென்டிரைவைச் செருகிப் படம் பார்க்க நினைத்தவர்களுக்குத் தெரிந்த ஏமாற்றம் இது. கோப்பின் பெயர் திரையில் தெரியும், அமுக்கினால் ஓடாது. கன்சோல் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த வரியைத் தமிழில் விளக்க வருகிறவர்கள் பெரும்பாலும் எழுதுவது: ‘இந்தக் கோப்பு வடிவம் ஆதரிக்கப்படவில்லை’. செயலிகளின் தமிழ்ப் பதிப்புகளிலும் இதே வாக்கியம்தான். படித்துப் படித்து அலுத்துவிட்டது. இதில் ‘வடிவம்’ தவறான இடத்தைக் கைகாட்டுகிறது. ‘ஆதரிக்கப்படவில்லை’ தமிழர் யாரும் இந்த இடத்தில் சொல்லாத சொல். இரண்டுக்கும் நடுவில், கோளாறுக்குப் பெரும்பாலும் காரணமான ஒன்றின் பெயரே காணாமல் போய்விட்டது. அந்தப் பெயர் கோடெக்.

சொல்லின் பிறப்பு எளிது. கோடர், டிகோடர் என்ற இரண்டு சொற்களின் தலைப்பகுதிகளை ஒட்டினால் கோடெக். மாடுலேட்டரும் டிமாடுலேட்டரும் சேர்ந்து மோடம் ஆன மாதிரிதான். பேச்சொலியை எண்களாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் மறுபடி ஒலியாக்கும் கருவிக்குத் தொலைபேசிப் பொறியாளர்கள் வைத்த பெயர் அது. கணினிக்கு வந்தபோது பொருள் கொஞ்சம் நகர்ந்தது. படத்தையும் ஒலியையும் சுருக்கி எழுதுவது, சுருக்கியதை விரித்துக் காட்டுவது என்று ஆனது. கம்ப்ரஸர், டிகம்ப்ரஸர் என்று விரித்துச் சொல்பவர்களும் உண்டு.

ஏன் சுருக்க வேண்டும்? முழு எச்டி படத்தில் ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஃபிரேமுக்கு, 1920க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு மூன்று பைட். ஒரு சட்டகமே 62 லட்சம் பைட்டுக்கு மேல் வந்துவிடும். நொடிக்கு 24 சட்டகம் என்றால் இரண்டரை மணி நேரப் படம் சுருக்காமல் வைக்க 1.3 டெராபைட், அதாவது சுமார் 1,300 ஜிபி வேண்டும். இரண்டடுக்கு புளூரே வட்டின் கொள்ளளவே 50 ஜிபிதான். அதனால் சுருக்கப்படாத படம் எதுவும் நம் வீட்டுக்கு வருவதில்லை.

இனி ‘வடிவம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒரு வீடியோ கோப்புக்குள் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, படத்தையும் ஒலியையும் வசன வரிகளையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் வெளிக்கட்டு. ஏவிஐ, எம்பி4, எம்கேவி என்று கோப்பின் வால்பெயரில் தெரிவது அதுதான். மற்றொன்று, உள்ளே இருக்கும் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டது, ஒலி எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பது. எச்.264, எம்பெக்-2, ஏஏசி, ஏசி-3 எல்லாம் இந்த வகை. தமிழில் நாம் இந்த இரண்டையும் ‘வடிவம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். ஆங்கிலத்தில் ஃபார்மட் என்ற சொல்லும் இப்படிக் குழப்புவதுதான், ஆனால் அவர்களுக்குக் கன்டெய்னர், கோடெக் என்று பிரித்துச் சொல்ல வேறு சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. நம்மிடம் அந்தக் குழப்பம் மட்டும்தான் வந்து சேர்ந்தது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். நின்டெண்டோ வீ கன்சோலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புகைப்படப் பகுதியில் ஏவிஐ கோப்பு ஓடும். ஆனால் மோஷன் ஜேபெக் முறையில், அதாவது ஒவ்வொரு சட்டகமும் தனித்தனி ஜேபெக் படமாக எழுதப்பட்டிருந்தால்தான் ஓடும். பழைய டிஜிட்டல் கேமராக்கள் பல அப்படித்தான் எழுதின. அதே ஏவிஐ வாலோடு எக்ஸ்விட் முறையில் சுருக்கிய சினிமாவைக் கொடுத்தால் ஓடாது. இரண்டும் ஏவிஐ. ‘வடிவம் சரியில்லை’ என்று சொன்னால், ‘அந்த ஏவிஐ ஓடியதே, இது ஏன் ஓடவில்லை?’ என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது?

பிளேஸ்டேஷன் 3 இதற்கு நேர்மாறு. அது எச்.264 படத்தை அழகாக ஓட்டும். புளூரே வட்டுகளையே ஓட்டிய பெட்டி. ஆனால் அதே எச்.264 படம் எம்கேவி கட்டுக்குள் இருந்தால் கடைசிவரை அதைத் திறக்கவே இல்லை. உள்ளே இருப்பது அதற்குத் தெரிந்த சங்கதிதான், கட்டைப் பிரிக்கத் தெரியவில்லை. பிளேஸ்டேஷன் 4இல் 2015 ஜூனில் வந்த மீடியா பிளேயர்தான் எம்கேவியைத் திறந்தது. எம்கேவியின் முழுப்பெயரான மத்ரோஸ்கா, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் ரஷ்ய மரப்பொம்மையின் பெயரிலிருந்து எடுத்தது. அதை உருவாக்கியவர்கள் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், இது உள்ளே வைப்பதற்கான ஒன்று என்று. நாம் அதையும் வடிவம் என்கிறோம்.

வெளிக்கட்டுக்கு ‘கொள்கலன்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் துறைமுகத்தில் அடுக்கிய இரும்புப் பெட்டிகள்தான் கண்முன் வரும். இரண்டெழுத்தில் நம்மிடம் ‘உறை’ இருக்கிறது. தலையணை உறை, அஞ்சல் உறை என்று வீட்டில் எல்லோரும் சொல்கிற சொல். உறையை மாற்றலாம், உள்ளே இருப்பது மாறாது. ஏவிஐ உறை, எம்கேவி உறை என்று சொல்லிப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது. கோப்பின் பெயரில் எம்கேவி என்ற வாலை அழித்து எம்பி4 என்று எழுதிவிட்டால் ஓடிவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் இது உதவும். அது உறையின் மேல் எழுதிய முகவரியை மாற்றும் வேலை, உறை அப்படியேதான் இருக்கிறது.

அடுத்தது கோடெக்குக்குச் சொல். இங்கேதான் எனக்கு அதிகக் கோபம். கோடரையும் டிகோடரையும் ‘குறியாக்கி’, ‘குறிவிலக்கி’ என்று எழுதுகிறார்கள். இன்னும் சிலர் ‘மறைகுறியாக்கம்’, ‘மறைகுறி நீக்கம்’ வரைக்கும் போகிறார்கள். குறியாக்கம் என்ற சொல் தமிழில் இப்போது இரண்டு வேலை பார்க்கிறது. தகவலை ஒரு முறைப்படி எழுதுவதும் குறியாக்கம், பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவதும் குறியாக்கம். வங்கிச் செயலியும் அரட்டைச் செயலியும் வந்த பிறகு மக்கள் மனத்தில் இரண்டாவது பொருள்தான் நிற்கிறது. ‘உங்கள் வீடியோ குறியாக்கம் செய்யப்பட்டுள்ளது, கன்சோலால் அதை விலக்க முடியவில்லை’ என்று எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்? யாரோ பூட்டிவிட்டார்கள், கடவுச்சொல் வேண்டும், அல்லது திருட்டுப் படம் என்று தடுக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். அண்ணன் மகன் கல்யாண வீடியோவை யாரும் பூட்டவில்லை.

கன்சோல் விஷயத்தில் இது வெறும் நுணுக்கம் பார்ப்பது ஆகாது. புளூரே வட்டு ஒன்றை பிளேஸ்டேஷன் 3இல் போடும்போது இரண்டு செயல்களும் அடுத்தடுத்து நடக்கின்றன. வட்டில் உள்ள படம் எச்.264 போன்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் ஏஏசிஎஸ் என்ற பூட்டும் போடப்பட்டிருக்கிறது. முதலில் பூட்டைத் திறக்க வேண்டும், பிறகு படத்தை விரிக்க வேண்டும். டிவிடியிலும் இதேதான், அங்கே பூட்டின் பெயர் சிஎஸ்எஸ். ஒரே பெட்டி ஒரே நொடியில் செய்யும் இரண்டு வேறு வேலைகளுக்கு ஒரே பெயரை வைத்துக்கொண்டு எப்படி விளக்கம் எழுதுவது? தமிழ் எழுத்துருக்கள் பற்றி எழுதியவர்கள், எழுத்துகளைக் கணினிக்கான எண்களாக எழுதும் முறைக்கு ஏற்கெனவே ‘குறியேற்றம்’ என்று ஒரு நல்ல சொல்லைப் புழக்கத்தில் விட்டிருக்கிறார்கள். பள்ளிப் பாடநூலில் பண்பேற்றம், பண்பிறக்கம் என்று படித்தவர்களுக்கு அந்த ஏற்றமும் இறக்கமும் பழகியவை. எழுத்துக்குக் குறியேற்றம், பூட்டுவதற்கு மறையாக்கம் என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆனால் வீடியோவுக்குக் குறியேற்றமும் எனக்குப் போதவில்லை. காரணம், கோடெக் செய்யும் வேலையின் சாரம் சுருக்கம். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த வேலை புதிதே இல்லை. பால்குடம் என்று சொல்கிறோம், கேட்பவர் அதைப் பாலைக் கொண்ட குடம் என்று விரித்துக்கொள்கிறார். ‘ஐ’ உருபும் ‘கொண்ட’ என்ற சொல்லும் மறைந்து நிற்கின்றன, கேட்பவருக்கு விரிக்கத் தெரியும் என்ற நம்பிக்கையில். எச்.264 செய்வதும் அதுதான். முந்தைய சட்டகத்திலிருந்து ஊகிக்க முடிந்ததை மறுபடி எழுதாமல் விட்டுவிடுகிறது. மாறிய பகுதியை மட்டும், அது எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்ற குறிப்போடு எழுதுகிறது. விரிக்கும் கருவிக்கு அந்த விதிகள் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அதற்கு அது வெறும் எண்குப்பை.

அப்படியானால் கோடெக்கைத் ‘தொகைவிரி’ என்றே சொல்லலாமே என்று தோன்றும். எனக்கும் அந்தச் சொல்மேல் ஆசைதான். ஆனால் வீடியோ உலகில் படத்தொகுப்பு என்றால் எடிட்டிங். தொகுப்பி என்று எழுதினால் எடிட்டிங் மென்பொருள் என்றே எடுத்துக்கொள்வார்கள். இலக்கண அழகுக்காக இன்னொரு குழப்பத்தை விலைக்கு வாங்க வேண்டாம். ஆகவே எளிமையாக: சுருக்கும் மென்பொருள் ‘சுருக்கி’, விரிக்கும் மென்பொருளோ சில்லோ ‘விரிப்பி’, இரண்டுக்கும் பொதுவான விதித்தொகுதி ‘சுருக்குமுறை’. எச்.264 ஒரு சுருக்குமுறை. எக்ஸ்264 அந்த முறையில் எழுதித் தரும் ஒரு சுருக்கி. இரண்டையும் கோடெக் என்று அழைக்கும் பழக்கம் ஆங்கிலத்திலும் இருக்கிறது, அதைக் கடன் வாங்கத் தேவையில்லை. பேச்சில் கோடெக் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. விளக்கம் எழுதும்போது பிரித்து எழுதுங்கள்.

பிரித்து எழுதினால் உடனே ஒன்று புலப்படும். படம் பார்க்கிறவரின் கன்சோலுக்குச் சுருக்கி தேவையே இல்லை. விரிப்பி மட்டும் இருந்தால் போதும். ‘கோடெக் இல்லை’ என்று நாம் சொல்லும்போதெல்லாம் உண்மையில் இல்லாதது விரிப்பிதான். 2007 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டுக்கும் ஒரு மென்பொருள் மேம்படுத்தல் வந்தது. முந்தைய நாள்வரை ஓடாத, டிவ்எக்ஸ் வகைச் சுருக்குமுறையில் எழுதிய படங்கள் அதன் பிறகு ஓடின. கோப்பில் ஒரு பைட்கூட மாறவில்லை, அதன் ‘வடிவம்’ அப்படியேதான் இருந்தது. பெட்டிக்குள் ஒரு விரிப்பி வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

ஒலிக்கும் தனி விரிப்பி வேண்டும் என்பது பலர் கவனிக்காத ஒன்று. பிளேஸ்டேஷன் 4 மீடியா பிளேயர் எம்கேவி உறையை ஏற்கும், எச்.264 படத்தையும் ஏற்கும். ஒலியில் அதன் பட்டியலில் இருப்பவை எம்பி3, ஏஏசி, ஏசி-3. சினிமா ஒலிக்குப் பயன்படும் டிடிஎஸ் என்ற சுருக்குமுறை இல்லை. உறை சரி, படம் சரி, ஒலியில் தடுக்கி விழும். இதை ‘வடிவம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு விளக்கவே முடியாது.

கடைசியில் அந்த ‘ஆதரிக்கப்படவில்லை’. ஆதரவு வடமொழி வேரிலிருந்து வந்தது என்பதால் ஒதுக்கச் சொல்லவில்லை. நன்றாக வேர்விட்ட சொல். அக்கறையோடு தாங்குவது அதன் பொருள். ஆதரவற்ற குழந்தை, கட்சிக்கு ஆதரவு, ஆதரவாகப் பேசினார் என்று எங்கே சொன்னாலும் மனம் உள்ள ஒருவர் அங்கே இருப்பார். கன்சோல் ஒரு கோப்பை ஆதரிக்கவில்லை என்றால், முடியும் ஆனால் விருப்பமில்லை என்ற தொனி வந்துவிடுகிறது. கடையில் போய்க் கேளுங்கள், தம்பி என்ன சொல்கிறார்? ‘அந்த ஃபைலை இந்தப் பெட்டி எடுக்காதுங்க.’ எடுக்காது, ஓடாது, ஒத்துவராது. இந்த மூன்றும் மக்கள் வாயில் உள்ளவை. எழுத்தில் கொஞ்சம் இறுக்கமாக வேண்டுமென்றால் ‘ஏற்காது’. கம்பேட்டிபிலிட்டிக்கு ‘ஒத்தியல்பு’, ‘இணக்கத்தன்மை’ என்றெல்லாம் கட்டுவதை விட ‘ஒத்துவரும்’, ‘ஒத்துவராது’ என்று வினையாகச் சொல்வதே தமிழின் போக்கு.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கையில் பெரும்பாலும் வரிகளின் பட்டியல்தான் இருக்கும், திரை இருக்காது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று நிரப்பச் சொன்னால் சப்போர்ட்டுக்கு ஆதரவு, ஃபார்மட்டுக்கு வடிவம் என்றுதான் நிரப்புவார்கள். ஆனால் சொந்தமாக விளக்கக் கட்டுரை எழுதுகிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவரும் அதே பட்டியலைப் பார்த்து எழுதுவதுதான் தாங்கவில்லை.

சொல் தெளிவாக இருந்தால் வேலையும் குறையும். எம்கேவிக்குள் எச்.264 படமும் ஏஏசி ஒலியும் இருந்து பிளேஸ்டேஷன் 3 எடுக்கவில்லை என்றால் செய்ய வேண்டியது உறைமாற்றம். எஃப்எஃப்எம்பெக் போன்ற கருவியில் படத்தையும் ஒலியையும் அப்படியே நகலெடுத்து எம்பி4 உறைக்குள் போட்டால் சில நிமிடத்தில் முடியும், தரம் துளியும் குறையாது. உள்ளே இருக்கும் சுருக்குமுறையே ஒத்துவரவில்லை என்றால்தான் மறுசுருக்கம் வேண்டும், அதாவது முழுப் படத்தையும் விரித்து மறுபடி சுருக்குவது. அதற்கு மணிக்கணக்கில் ஆகலாம், தரமும் கொஞ்சம் போகும். தமிழ் வழிகாட்டிகள் இரண்டையும் ‘வடிவ மாற்றம்’ என்றே எழுதுவதால், உறைமாற்றம் போதுமான படத்தைக்கூட மறுசுருக்கம் செய்து கெடுத்துக்கொள்கிறார்கள். படம் 4 ஜிபியைத் தாண்டினால் பிளேஸ்டேஷன் 3 கேட்கும் ஃபேட்32 பென்டிரைவில் அந்தக் கோப்பு ஏறவே ஏறாது. அது பென்டிரைவை எப்படிப் பிரித்து ஒழுங்குபடுத்தியிருக்கிறோம் என்பது சம்பந்தப்பட்டது. அதைச் செய்வதற்கும் நாம் ‘ஃபார்மட்’ என்றுதான் சொல்கிறோம். அதையும் யாராவது ‘வடிவம்’ என்று எழுதிவிடாமல் இருக்க வேண்டும்.